பயிற்சிக்கு ஒரு வருடப் பணம்: சேலத்திலும் ஏற்காட்டிலும் குழந்தைகளின் மனநலத்துக்கு யாரைத் தயார்செய்வது?

குழந்தைகளோடும் அவர்களுடைய குடும்பங்களோடும் வேலை செய்கிற சிறிய அமைப்புகளுக்கு ஆண்டுதோறும் வருகிற கேள்விதான் இது. பயிற்சிக்கென்று ஒதுக்கியிருக்கும் பணத்தை யாருக்காகச் செலவிடுவது? சேலத்தின் கொலுசுப் பட்டறைத் தெருக்களிலும் சேர்வராயன் மலைக் கிராமங்கள் சிலவற்றிலும் மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்தும் எங்கள் அறக்கட்டளையின் கூட்டத்தில் இம்முறை நான்கு யோசனைகள் முன்வைக்கப்பட்டன. தன்னார்வலர்கள், ஆசிரியர்கள், விடுதிக் காப்பாளர்கள் எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டி மனநல முதலுதவி குறித்து இரண்டு நாள் பயிலரங்கு நடத்தலாம் என்றார் ஒருவர். ஊழியர் ஒருவரைத் தொலைநிலைக் கல்வியில் உளவள ஆலோசனைப் பட்டயம் படிக்க வைக்கலாம் என்றார் இன்னொருவர். காசில்லாமல் கிடைக்கும் இணையவழிப் பயிற்சிகளே போதும், பணத்தைப் புத்தகங்களுக்குச் செலவிடலாம் என்பது மூன்றாவது கருத்து. உள்ளூர்ப் பெண் ஒருவரை முழுநேர ஆதரவாளராக அமர்த்தி, குறுகிய பயிற்சி தந்து, சேலத்திலுள்ள உளவியலாளர் ஒருவரை மாதந்தோறும் அவருக்கு மேற்பார்வையாளராக ஏற்பாடு செய்வது நான்காவது.

நான் நான்காவதன் பக்கம் நிற்பவன். என்றாலும் மற்ற மூன்றும் வெறும் கண்துடைப்பு என்று நான் எண்ணவில்லை. சரியான ஆளுக்கு, சரியான கட்டத்தில் அவை ஒவ்வொன்றும் பயன்படும். எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பதைப் பிரித்துப் பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் தேவையின் அளவைப் பார்க்க வேண்டும். 2015-16-இல் பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. தமிழ்நாடும் இடம்பெற்ற கணக்கெடுப்பு அது. நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் மூவர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மூவரில் எவரும் தனக்கு மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்பதில்லை. ஒருவருக்குத் திங்கட்கிழமைதோறும் வயிற்று வலி வரும். இன்னொருவர் திடீரென்று யாரோடும் பேசாமல் இருப்பார். மூன்றாமவரைப் பற்றி ஆசிரியர்கள் அறையில் எல்லோருக்கும் ஒரு புகார் இருக்கும். மனநலக் கோளாறுகளில் ஏறத்தாழப் பாதி 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவருவதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், கண்டுகொள்ளும் கண் யாருக்கு வேண்டும் என்பது விளங்கும். அந்தக் கண் மருத்துவரிடம் இருந்து பயனில்லை, ஏனென்றால் அந்தக் குழந்தை மருத்துவர் முன் போய் நிற்பதே இல்லை.

சிகிச்சை வசதி அடியோடு இல்லாத ஊர் இல்லை சேலம். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று நாடெங்கும் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை, தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசுகிறது. ஆபத்திலிருக்கும் குழந்தைக்கு 1098 என்ற உதவி எண் இருக்கிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது. மலைமேல் மஞ்சக்குட்டையிலோ செம்மநத்தத்திலோ இருக்கும் ஒரு தாய், இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, அன்றைய கூலியை இழந்து, வெளிநோயாளர் வரிசையில் நின்று, மாலைப் பேருந்துக்குள் திரும்ப வேண்டும். இத்தனையும் ‘புள்ள சரியா சாப்பிட மாட்டேங்குது’ என்பதற்காக யாரும் செய்வதில்லை. போக வேண்டியதுதானா என்று பக்கத்தில் இருந்து சொல்லவும், போனால் எந்த நாளில் யாரைப் பார்ப்பது என்று சொல்லவும், போய்வந்த பிறகு மாத்திரை நிற்காமல் தொடர்கிறதா என்று விசாரிக்கவும் ஓர் ஆள் இல்லை. பணத்தைக் கொண்டு நாம் உருவாக்க வேண்டியது அந்த ஆளை. நான்கு யோசனைகளையும் இந்த அளவுகோலால்தான் அளக்கிறேன்.

எல்லோருக்கும் இரண்டு நாள்

பயிலரங்கின் கவர்ச்சி வெளிப்படையானது. ஒரே செலவில் நாற்பது பேர் பயிற்சி பெற்றதாக அறிக்கையில் எழுதலாம், புகைப்படமும் கிடைக்கும். நன்கொடையாளர்களுக்கு இது பிடிக்கும் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மனநல முதலுதவி என்ற வடிவம் 2000-இல் ஆஸ்திரேலியாவில் பெட்டி கிச்சனர், ஆண்டனி ஜோர்ம் இருவரும் தொடங்கியது, பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. இதை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் ஒன்றையே கண்டிருக்கிறார்கள்: பயிற்சி பெற்றவரின் அறிவும் தன்னம்பிக்கையும் கூடுகின்றன, மனநோய் பற்றிய விலக்கல் மனப்பான்மை குறைகிறது. உதவி பெற்றவரின் நிலை தேறியதற்கான சான்று மட்டும் மெலிந்தே இருக்கிறது.

ஆசிரியர்களைப் பொறுத்தவரை இந்திய ஆய்வு ஒன்று இன்னும் நேரடியாகப் பேசுகிறது. கோவாவில் 1996-இல் தொடங்கப்பட்ட சங்கத் அமைப்பு, பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 70-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்தது. ஒரு தொகுதியில் பள்ளிக்கு வெளியிலிருந்து வந்த, மனநலப் பட்டம் எதுவும் இல்லாத ஆலோசகர் ஒருவர் பள்ளிநலத் திட்டத்தை நடத்தினார். இன்னொன்றில் அதே திட்டத்தை அந்தப் பள்ளியின் ஆசிரியர் ஒருவரே நடத்தினார். மூன்றாவதில் வழக்கமான வாழ்க்கைத்திறன் பாடம் மட்டும். ‘சேஹர்’ என்ற அந்த ஆய்வின் முடிவுகள் 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. வெளி ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது, மனச்சோர்வு அறிகுறிகளும் கேலித் துன்புறுத்தலும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளிலோ, வழக்கமான பாடம் மட்டும் நடந்த பள்ளிகளிலிருந்து வேறுபாடே தென்படவில்லை. இரண்டாம் ஆண்டு இறுதியில் ஆலோசகர் பள்ளிகளின் முன்னேற்றம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

இதைக் கொண்டு ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. மதிப்பெண் போடுபவரிடமும் வீட்டுக்குப் புகார் எழுதுபவரிடமும் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை தன் வீட்டுக் கதையைச் சொல்வது எளிதன்று. பாடம் முடித்து, கணினியில் விவரங்களைப் பதிவேற்றி, தேர்தல் பணிக்கும் போய்வருகிற ஆசிரியருக்கு நேரமும் கிடைப்பதில்லை. ஆயுஷ்மான் பாரத் பள்ளிநலத் திட்டத்தின்கீழ் ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களை நலத்தூதுவர்களாகப் பயிற்றுவிக்கும் ஏற்பாடு 2020 முதல் இருக்கிறது. அதையே நாமும் நம் பணத்தில் மறுபடி செய்வதில் பொருளில்லை.

ஆனாலும் பயிலரங்கில் ஒரு பகுதியைக் கைவிட எனக்கு மனமில்லை. குழந்தைகளோடு பழகும் ஒவ்வொருவரும் தெரிந்தே ஆக வேண்டியவை சில உண்டு, அவற்றுக்கு அரை நாள் போதும். போக்சோ சட்டம், 2012-இன் 19-ஆம் பிரிவின்படி, குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் எவரானாலும் சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது 21-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது, நிறுவனத் தலைமையில் இருப்பவருக்குத் தண்டனை இன்னும் கூடுதல். ‘குடும்ப மானம், நாமே பேசித் தீர்த்துக்கலாம்’ என்று விடுதிக் காப்பாளரோ ஊர்ப் பெரியவரோ சொல்லும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் தன்னார்வலருக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். மற்றொன்று, தற்கொலை எண்ணம் பற்றிய கேள்வி. நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது, ஆய்வுகள் அதை ஆதரிப்பதில்லை. ‘செத்துடலாம்னு தோணுதா, கண்ணு?’ என்று தயங்காமலும் பதறாமலும் கேட்கவும், ஆமென்று பதில் வந்தால் பிள்ளையைத் தனியே விடாமல் 14416-ஐ அழைக்கவும், தோட்டத்துப் பூச்சிமருந்தைப் பூட்டி வைக்கும்படி வீட்டாரிடம் சொல்லவும் எல்லோருக்கும் தெரிந்திருப்பது நல்லது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து முயற்சியை மறைக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ளப்பட வேண்டும் என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை. இதைச் சொன்னால் பாதிக் குடும்பங்கள் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடும்.

பட்டயம் என்ற நீண்ட பாதை

இரண்டாவது யோசனை மதிப்புக்குரியது. நிறுவனத்துக்குள்ளேயே முறையாகப் படித்த ஒருவர் இருக்கட்டும் என்பது அதன் நோக்கம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஆலோசனையும் குடும்ப சிகிச்சையும் பற்றி முதுநிலைப் பட்டயமும் முதுநிலைப் பட்டமும் தொலைநிலைக் கல்வியில் நடத்தப்பட்டு வந்தன. சேலத்திலேயே, 1997-இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை இருக்கிறது. குடும்பத்தை ஓர் அமைப்பாகப் பார்க்கவும், ஒரு பிள்ளையின் சிக்கலில் வீட்டிலுள்ள எல்லோருடைய பங்கையும் புரிந்துகொள்ளவும் இத்தகைய படிப்பு தரும் அடித்தளத்தை எந்தக் குறுகிய பயிற்சியும் தந்துவிடாது.

சிக்கல் மூன்று. படிப்பவர் ஏற்கெனவே பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும், பாடநூல்களும் தேர்வும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். மலையிலிருந்து வரும் எங்கள் ஊழியர்களில் மக்களிடம் பேசிப் பழகுவதில் கெட்டிக்காரர்களாக இருப்பவர்கள் இந்த வாசலிலேயே நின்றுவிடுவார்கள். அடுத்தது, பட்டயம் முடித்தவர் யார் என்பதில் உள்ள மயக்கம். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் என்பவர் வேறு, ஆலோசனைப் பட்டயம் பெற்றவர் வேறு. ஊரில் இருவருமே ‘டாக்டரம்மா’ ஆகிவிடுகிறார்கள், சில சமயம் பட்டயம் பெற்றவரே அதை மறுப்பதில்லை. மூன்றாவது சிக்கலை எல்லா அறக்கட்டளைகளும் அறியும்: படித்து முடித்தவருக்குப் பெங்களூரிலோ கோவையிலோ நல்ல சம்பளத்தில் வேலை கிடைக்கும். அவர் போவதில் தவறில்லை. ஆனால் பயிற்சிப் பணம் முழுவதையும் ஓர் ஆளிடம் வைத்துவிட்டு, அவர் போன மறுநாள் வெறுங்கையோடு நிற்கும் நிலை சிறிய அமைப்புக்குத் தாங்காது.

தன் வாழ்க்கைத் தொழிலாக இதை எடுத்துக்கொள்ளத் தீர்மானித்துவிட்ட தனிநபர் என்னிடம் வந்து கேட்டால், தயங்காமல் பட்டயத்தையோ பட்டத்தையோ சொல்வேன். அதிலும் நேரடிக் களப்பயிற்சியும் மேற்பார்வையும் எத்தனை மணி நேரம் என்று விசாரித்துவிட்டுச் சேரும்படி சொல்வேன். அமைப்பின் முதல் செலவாக மட்டும் அது கூடாது.

இணையவழிப் பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒன்றிய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் ஆதரவில் நிம்ஹான்ஸில் இயங்கும் ‘சம்வாத்’ என்ற முயற்சி, இக்கட்டான சூழலில் உள்ள குழந்தைகளுக்காக வேலை செய்வோருக்கெனவே உருவானது. அது வெளியிட்டுள்ள கையேடுகளில் விளையாட்டு, கதை, வரைதல் ஆகியவற்றின் வழியே குழந்தையோடு பேசும் முறைகள் நல்ல தரத்தில் இருக்கின்றன, கட்டணமும் இல்லை. அவற்றைப் பயன்படுத்தாமல் விடுவது வீண். ஆனால் காணொளி பார்த்து நீச்சல் கற்றவரை ஏரியில் இறக்கிவிட யாரும் துணிவதில்லை. தெரிந்துகொள்வதும் செய்யத் தெரிவதும் வேறு வேறு என்பதால்தான் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் சேர்ந்து உருவாக்கிய ‘ஈக்விப்’ என்ற தொகுப்பு, பயிற்சி பெற்றவரை எழுத்துத் தேர்வால் மதிப்பிடாமல், நடிப்புப் பயிற்சியில் அவர் பேசுவதைக் கவனித்து மதிப்பிடச் சொல்கிறது. இதோடு, மலையின் சில மடிப்புகளில் செல்பேசி அலைவரிசை மழைக்காலத்தில் எப்படி இருக்கும் என்பதை அங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளூர் ஆதரவாளர்

நான்காவது யோசனையைக் கூட்டத்தில் சிலர் ஐயத்தோடு பார்த்தார்கள். பன்னிரண்டாம் வகுப்போ இளங்கலையோ முடித்த ஒரு பெண், சில நாள் பயிற்சியோடு, மனநலத்தில் கைவைக்கலாமா? நியாயமான ஐயம்தான். இதற்கு ஓரளவு உறுதியான விடை இருக்கிறது.

பாகிஸ்தானின் கிராமப்புறத்தில் மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளுக்கும் இளந்தாய்மாருக்கும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டே உளவியல் ஆதரவு தந்து பார்த்தார்கள். 2008-இல் வெளிவந்த அந்த ஆய்வில், குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆனபோது ஆதரவு பெற்ற தாய்மாரில் 23 விழுக்காட்டினரும், பெறாதவர்களில் 53 விழுக்காட்டினரும் மனச்சோர்வோடு இருந்தார்கள். அந்தப் பணியாளர்களுக்குத் தரப்பட்ட பயிற்சி எத்தனை நாள் தெரியுமா? இரண்டு நாள். நாம் நாற்பது பேருக்குத் தர நினைக்கிற அதே இரண்டு நாள்தான், சில மாதம் கழித்து ஒரு நாள் மறுபயிற்சி. வேறுபாடு இதற்குப் பிறகு வருகிறது: அவர்கள் மாதந்தோறும் அரை நாள் கூடி, தாங்கள் பார்த்த குடும்பங்களைப் பற்றி மேற்பார்வையாளரோடு பேசினார்கள். எந்தக் குடும்பத்தில் என்ன சொல்வது, யாரை மேல்மருத்துவத்துக்கு அனுப்புவது என்பதெல்லாம் அங்கே தெளிந்தன. பயிற்சி நாட்களை நீட்டுவதா, மேற்பார்வையை வாங்குவதா என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு, டெல்லியின் அரசுப் பள்ளிகளில் சங்கத் அமைப்பு சோதித்த முறை நமக்கு நெருக்கமானது. பட்டமில்லா ஆலோசகர்கள் சில வாரங்களில் முடியும் சில சந்திப்புகளில், பிள்ளை தானே ஒரு பிரச்சினையைப் பெயரிட்டுச் சொல்ல, அதற்கு என்னென்ன வழிகள் உண்டு என்று சேர்ந்து யோசித்து, ஒன்றைத் தேர்ந்து செய்துபார்க்க உதவினார்கள். 2020-இல் வந்த முடிவுகளை அளவோடு படிக்க வேண்டும். பிள்ளைகள் தாங்களே சொன்ன பிரச்சினைகளின் தீவிரம், கையேடு மட்டும் பெற்றவர்களைவிட இவர்களிடம் கூடுதலாகக் குறைந்தது, ஆனால் பொதுவான மனநல அறிகுறிகளின் அளவுகோலில் அப்போது தெளிவான வேறுபாடு இல்லை. ஆக, இது நோய்க்குச் சிகிச்சை என்று சொல்லிக்கொள்ள முடியாது. கணக்கில் தோற்ற பிள்ளைக்கும், தோழியோடு பிரிந்த பிள்ளைக்கும், அப்பா குடித்துவிட்டு வரும் இரவுகளில் படிக்க இடமில்லாத பிள்ளைக்கும் இது உதவும். பெரியவர்களுக்கு இதே போன்ற அளவில், ஐந்து சந்திப்புகளில் முடியும் ‘பிரச்சினை மேலாண்மை பிளஸ்’ என்ற முறையை உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்டிருக்கிறது.

இந்தப் பயிற்சிகளில் உண்மையில் என்ன கற்றுக்கொள்கிறார்கள் என்பதை ஒரு நடிப்புப் பயிற்சியில் பார்த்தால்தான் புரியும். ஒருவர் பிள்ளையாக நடிக்கிறார், மற்றவர் ஆதரவாளர். ‘அக்கா, எனக்கு ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போகப் பிடிக்கலை’ என்கிறாள் பிள்ளை. வாய் மூடும் முன்பே வருகிறது பதில்: ‘அப்படியெல்லாம் சொல்லக் கூடாது கண்ணு, அம்மா அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டு அனுப்பறாங்க, நல்லாப் படிச்சா எல்லாம் சரியாயிடும்.’ அன்பிலிருந்து வந்த பேச்சுதான், ஆனாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது. இரண்டாம் முறை ஆதரவாளர் ‘ம்… போகப் பிடிக்கலை’ என்று மட்டும் திருப்பிச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார். அமைதி நீள்கிறது. சுற்றியிருப்பவர்கள் நெளிகிறார்கள். பிறகு பிள்ளையாக நடிப்பவர், முன்பு தாம் யோசித்தே வைக்காத ஒன்றைச் சொல்கிறார்: ராத்திரியில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் தன் பெட்டியைத் திறக்கிறார்கள் என்று. அறிவுரையை விழுங்கிக்கொண்டு காத்திருக்கும் இந்தத் திறனைப் படித்துப் பெற முடியாது, ஒரு முறை செய்து பெறவும் முடியாது. மூன்று மாதம் கழித்து, களைத்த ஒரு மாலையில், அறிவுரை மறுபடி வாயில் வந்துவிடும். அப்போது யாராவது அதைக் கேட்டுச் சுட்டிக்காட்ட வேண்டும்.

உள்ளூர் ஆள் என்பதில் ஒரு நன்மையும் ஒரு பெரிய ஆபத்தும் சேர்ந்தே வருகின்றன. நன்மை பேச்சு வழக்கில் இருக்கிறது. இந்த மலைவாழ் மக்களான மலையாளிப் பழங்குடிக் குடும்பம் ஒன்றில் பிள்ளைக்குக் ‘காத்து கருப்பு’ பட்டுவிட்டது என்று மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தால், மலையைச் சேர்ந்த பெண் அதைக் கேலி செய்ய மாட்டார், கயிறு இருக்கட்டும், செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கும் போய்வரலாம் என்பார். ஆபத்து இரகசியம் காப்பதில். ஐம்பது வீடுகள் உள்ள ஊரில் ஆதரவாளர் யாருக்கோ நாத்தனார், யாருக்கோ சித்தி. அவர் ஒரு வீட்டுத் திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே ஊருக்குச் செய்தி. கல்வித் தகுதியைப் பற்றிய கவலையைவிட இது எனக்குப் பெரிய கவலை. நாகலூர்ப் பக்கத்துப் பெண்ணை வெள்ளக்கடைப் பக்கத்தில் வேலை செய்யச் சொல்வதும், சந்திப்புகளைப் படிப்பு மையத்தில் மற்ற வேலைகளோடு கலந்து வைத்துக்கொள்வதும், எழுதும் குறிப்பில் பெயருக்குப் பதில் எண் இடுவதும் ஓரளவு உதவும். முழுமையான தீர்வு என்று ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. பையன்களிடம் பேச ஓர் ஆண் ஆதரவாளரும் வேண்டும், அதற்கு இந்த ஆண்டுப் பணத்தில் இடமில்லை.

சேலத்துப் பக்கம் நிலைமை வேறு. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் போன்ற இடங்களில் வீடும் பட்டறையும் ஒன்றுதான். சலங்கை கோர்ப்பதும் பற்றவைப்பதும் கூடத்தில் நடக்கும், பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் அங்கேதான். தீபாவளிக்கு முன் ஆர்டர் குவியும் மாதங்களில் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கையும் வேலைக்கு இழுக்கப்படும், வெள்ளி விலை ஏறி வேலை நின்றுவிடும் வாரங்களில் வீட்டில் சண்டை கூடும். இங்கே பிள்ளையைத் தனியே அழைத்துப் பேசுவதைவிடப் பெற்றோரோடு பேசுவதே முதல் வேலை. எனவே பெற்றோர் குழு என்ற ஐந்தாவது வழி ஒன்றையும் யாரேனும் முன்வைத்திருக்கலாம். அதைத் தனியான யோசனையாகக் கொள்ளாமல், ஆதரவாளரின் வேலையில் ஒரு பகுதியாகவே பார்க்கிறேன். கூட்டம் இரவு எட்டு மணிக்குப் பிறகு, தெருக்கோயில் மண்டபத்தில் என்றால் தாய்மார் வருவார்கள், பகலில் பள்ளியில் என்றால் வர மாட்டார்கள். மலையிலோ, காப்பிப் பழம் பறிக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில் எந்தக் கூட்டமும் வைக்கக் கூடாது.

வளர்ச்சித் தாமதமோ மதி இறுக்கமோ (ஆட்டிசம்) உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு மட்டும் இந்தப் பொது ஏற்பாடு போதாது. அவர்களுக்கென்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த பராமரிப்பாளர் பயிற்சி, ஒன்பது குழுச் சந்திப்புகளும் மூன்று வீட்டு வருகைகளும் கொண்டது, அதை நடத்தத் தனிப் பயிற்சி வேண்டும். நம் ஆதரவாளரின் வேலை, 2013 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பரிசோதனைக் குழுவிடமும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திடமும் அந்தப் பிள்ளையைக் கொண்டுசேர்ப்பதோடு நிற்கட்டும்.

யாருக்கு எது?

ஏற்காட்டில் விடுதியோடு நடக்கும் பள்ளியாக இருந்தால் என் பரிந்துரை சற்று மாறும். அங்கே பிள்ளைகளின் இரவு காப்பாளர்களிடம் இருக்கிறது. எனவே காப்பாளர்களுக்கான அரை நாள் பயிற்சியை ஆண்டுக்கு இரண்டு முறையாவது நடத்தி, மதிப்பெண்ணோடும் ஒழுங்கு நடவடிக்கையோடும் தொடர்பே இல்லாத ஆலோசகர் ஒருவரை வாரத்தில் குறிப்பிட்ட நாட்களுக்கு அமர்த்துவது நல்லது. கட்டணம் வாங்கும் பள்ளிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகும். அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தாமாகவே கற்றுக்கொள்ள விரும்பினால், சம்வாத் கையேடுகளிலிருந்து தொடங்கி, பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரோடு மாதம் ஒரு மாலை நடிப்புப் பயிற்சி செய்தாலே போதும், பணம் கட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

எந்தப் பயிற்சியாளருக்குப் பணம் தருவதானாலும் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. எங்கள் ஆட்கள் பேசுவதை நீங்கள் நேரில் பார்த்துத் திருத்துவீர்களா? முழுக்கத் தமிழில் நடத்துவீர்களா, அல்லது ஆங்கிலப் படங்களைத் திரையிட்டுத் தமிழில் விளக்குவீர்களா? பயிற்சி முடிந்து ஆறு மாதத்துக்குப் பிறகு நாங்கள் தொலைபேசியில் அழைத்தால் எடுப்பவர் யார்? எதையெல்லாம் எங்கள் ஆட்கள் செய்யக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பீர்கள்? கடைசிக் கேள்விக்குத் தடுமாறுபவரை விட்டுவிடலாம். துயரம் நடந்த உடனே பாதிக்கப்பட்டவரை உட்காரவைத்து நடந்ததை முழுக்கச் சொல்லவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை, 2011-இல் வந்த அதன் உளவியல் முதலுதவிக் கையேடு பார்ப்பது, கேட்பது, உதவியோடு இணைப்பது என்ற மூன்றோடு நிற்கச் சொல்கிறது. இன்றும் சில பயிற்சியாளர்கள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தால்தான் மனம் ஆறும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.

பணத்தைப் பிரிப்பதில் என் முன்மொழிவு இது. முதலில் மேற்பார்வையாளருக்கான ஆண்டுத் தொகையைத் தனியே எடுத்துவைத்துவிட வேண்டும். பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் ஒருவர் மாதம் ஒரு முறை அரை நாளும், இடையில் அவசரத்துக்குத் தொலைபேசியிலும் கிடைக்க வேண்டும். அடுத்தது ஆதரவாளரின் ஊதியமும் பேருந்துச் செலவும். மூன்றாவது, எல்லோருக்குமான அரை நாள் பயிற்சி. மீதம் இருந்தால் புத்தகம், வரைதாள், வண்ணம். மேற்பார்வைக்குப் பணம் போதாது என்றால் இந்த ஆண்டு ஆதரவாளரையே அமர்த்தாமல் அரை நாள் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து, ஏனென்றால் மேற்பார்வை இல்லாத ஆதரவாளர் சில மாதங்களில் ஊரின் சுமையையெல்லாம் தனியே தாங்கிக் களைத்துப்போவார், அல்லது தன்னால் முடியாததையும் செய்யத் துணிவார்.

பட்டயத்தை முன்மொழிந்த உறுப்பினர் இதை முழுமையாக ஏற்கவில்லை. இருபத்துநான்கு வயதுப் பெண் ஒருத்தியைக் குறைந்த ஊதியத்தில் அமர்த்தி, அவளுக்கு மேலே போக ஏணியே இல்லாமல் வைத்திருப்பது சரியா என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்பதால் தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: ஆதரவாளர் இரண்டு ஆண்டு வேலை செய்து, மேற்பார்வையாளரும் பரிந்துரைத்தால், அவருடைய பட்டப் படிப்புக்கோ பட்டயத்துக்கோ உரிய கட்டணத்தை அறக்கட்டளை ஏற்கும், படித்த பிறகு இங்கேயே இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தம் எதுவும் கேட்காது. வேலை ஜூன் மாதம் பள்ளி திறப்போடு தொடங்கும், முதல் மதிப்பீடு காப்பிப் பறிப்புக்கு முன், அக்டோபரில்.